குரலுக்கு ஒரு ஜோடி மெமரி

மெமரி விலை ஏறியதிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இப்போது இருப்பவர்கள் வாரம் தவறாமல் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, ஒருத்தர் வீட்லயே ரெக்கார்டிங் பண்றாரு. மெஷின்ல ஒரு மெமரி இருக்கு. இன்னொண்ணு பழசு கிடைக்குது, வேற கம்பெனி. சேர்த்துப் போட்றலாமா?" போனில் பதில் சொன்னால் பாதி கேட்பதற்குள் "சரிக்கா, போட்டுப் பாக்குறேன்" என்று வைத்துவிடுகிறார்கள். போட்டுப் பார்த்தபின் மறுபடி கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை இருக்காது என்று யார் சொன்னதோ தெரியவில்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு என்னிடம் வராதீர்கள்.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மெமரி என்பது கம்ப்யூட்டருக்குள் செங்குத்தாக நிற்கும் சின்னப் பச்சைப் பட்டை. நீங்கள் மைக்கில் பேசுவது டிஸ்கில் போய்ச் சேரும்முன் கொஞ்ச நேரம் அதில் தங்கித்தான் போகும். தங்கிய இடத்தில் ஒரு புள்ளி பிசகிவிட்டால், கடிதமாக இருந்தால் ஒரு எழுத்து மாறும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கணக்காக இருந்தால் அப்புறம் எவனாவது சண்டைக்கு வருவான். குரலாக இருந்தால் நடுவில் "டிக்" என்று ஒரு சத்தம் விழும். அந்த டிக்கின் பழியை மைக் மேல் போடுவார்கள், கரண்ட் மேல் போடுவார்கள், ஒயர் மேல் போடுவார்கள். மெமரி மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான்.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். ஆரம்ப வருஷங்களில் கற்றுக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி வரும் மெஷினைத் திறப்பது, மெமரியைக் கழற்றுவது, பென்சில் ரப்பரால் அதன் தங்கநிறக் கால்களைத் தேய்ப்பது, மாட்டுவது. பத்தில் பாதி அதிலேயே சரியாகிவிடும். ரப்பர் தூள் படிந்த புடவையோடு வீட்டுக்குப் போனால், "கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போறியா, நர்சரி ஸ்கூலுக்குப் போறியா?" என்று அம்மா கேட்பாள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஆரோக்கியசாமி சார். அவரை எனக்குப் பிடிக்காது. குரலை உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார், ஆனால் ஆளைக் கொல்லாமல் கொன்றுவிடுவார். மெஷினில் என்ன குறை என்று நாம் ஒரு பக்கத்துக்குச் சொல்லி முடித்ததும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிம்மா. எப்ப வரல?" என்பார். குறை எப்போது வருகிறது என்பதை எல்லாரும் சொல்லிவிடுவார்களாம், எப்போது வருவதில்லை என்பதுதான் விஷயமாம். அதற்குப் பதில் தெரியாவிட்டால் மெஷினைத் தொட விடமாட்டார். ஓர் அச்சகத்து மெஷின் மூன்று முறை திரும்பி வந்தது, மூன்று முறையும் எங்கள் மேஜையில் தங்கமாக ஓடியது. அவர் என்னை அந்த அச்சகத்துக்கே அனுப்பி, கையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார். பெரிய அச்சு மெஷின் ஓடாத நேரத்தில் குறை வரவில்லை. ஒரே கரண்ட் லைனில் அதையும் கம்ப்யூட்டரையும் சொருகியிருந்தார்கள். கண்டுபிடித்த பெருமையோடு வந்து சொன்னேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் மேல் வந்த எரிச்சல் பல வருஷம் இருந்தது.

கம்பெனியை மூடினார்கள். நான் ஓ.டி. கடைக்கு வந்தேன். ஆயிரம் மெஷின் பார்த்திருப்பேன், பெரும்பாலும் மறந்துபோச்சு. மறக்காதது ஜாபர் பாயின் மெஷின். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்டோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஜாபர் பாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கேட்டிருப்பீர்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் தெருக்களில் குட்டி வண்டியில் தக்காளி வருகிறது, வெங்காயம் வருகிறது, பழைய இரும்புக்கு ஆள் வருகிறான், புதிதாகத் திறந்த துணிக்கடைக்கு அழைக்கிறார்கள். அந்த ஒலிபெருக்கியில் "அம்மா வாங்க, அய்யா வாங்க" என்று கூப்பிடும் குரல்களில் பாதிக்குமேல் அவருடையது. கரையான்சாவடிப் பக்கம் ஒரு சந்தில் வீடு, அதிலேயே ஓர் அறையில் ரெக்கார்டிங். வியாபாரி வந்து இன்றைய விலையைச் சொன்னால், டீ குடித்து முடிப்பதற்குள் பேசிப் பதிந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"அக்கா, இன்னா மாயமோ தெரில. பேசும்போது நல்லாத்தான் கீது. போட்டுக் கேட்டா நடுநடுவுல டிக்கு டிக்குங்குது" என்றார்.

"விட்டுட்டுப் போங்க பாய். வாரக் கடைசியில பாக்குறேன்."

"வாரக் கடைசி ஆவாதுக்கா. சனிக்கெழம காலைல ஆஸ்பத்திரில சேரணும்" என்று சொல்லிவிட்டு, தொண்டைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

விழுங்கும் பாதையில் கட்டி. குரல்பெட்டி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தபின் உயிர் இருக்கும், குரல் இருக்காது. இதை அவர் ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். குரல் போனால் பிழைப்பும் போய்விடும். அதனால் தன் தொழிலுக்கு வேண்டிய எல்லா வார்த்தையையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொள்வது. தக்காளி, கத்திரிக்காய், பழைய பேப்பர், திருநின்றவூர், சேக்காடு, அம்மா, உள்ளே, வாங்க, ஞாயிற்றுக்கிழமை, கிலோ, நூறு, ரூபாய். ஆபரேஷனுக்குப் பிறகு வியாபாரி வந்தால், வார்த்தைகளைக் கோத்து அவர் குரலிலேயே விளம்பரம் தயாராகிவிடும். நான் இத்தனை வருஷத்தில் கேட்ட திட்டங்களில் இவ்வளவு தெளிவான திட்டம் வேறில்லை.

காய்கறி, ஊர்ப்பேர், கூப்பிடும் வார்த்தைகள் எல்லாம் நல்லபடியாகப் பதிந்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றிக் கோத்துப் பார்த்தபோது மெஷின் திணறியது. நண்பர் ஒருவர் தன்னிடம் கிடந்த பெரிய மெமரி ஒன்றைக் கொடுக்க, பழையதோடு சேர்த்து மாட்டிவிட்டார். அதற்கப்புறம் பதிந்ததுதான் எண்கள். எண்கள் முழுக்க டிக்.

விலை சொல்ல முடியாத விளம்பரத்தை எந்த வியாபாரி வாங்குவான்? அவருடைய பிழைப்பே அந்த எண்களில் இருந்தது.

மெஷினை மேஜையில் போட்டேன். மூடியைக் கழற்றி, மெமரியை ரப்பரால் தேய்த்து, சோதனை புரோகிராமை ஓடவிட்டேன். மெமரியில் ஒவ்வோர் இடமாக எழுதி, படித்து, தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போடும் புரோகிராம் அது. மறுநாள் மதியம்வரை ஓடியது, ஒரு கோடுகூட இல்லை. மைக்கை மாட்டி நானே ஒன்று இரண்டு மூன்று என்று பேசினேன், டிக் இல்லை. ரப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று நினைத்துப் புதன்கிழமை கொடுத்தனுப்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பேசியது அவர் மனைவி ஷகிலா.

"அக்கா, நம்பர் எல்லாம் திரும்ப முதல்லேர்ந்து சொன்னாரு. மத்தியானம் பூரா சொன்னாரு. போட்டுக் கேட்டா அதே டிக்கு. இப்ப அவரால பேச முடில, சுடுதண்ணி குட்ச்சிகினு உக்காந்துகீறாரு. இவரு தொண்டையப் பாக்குறதா, அந்தப் பொட்டியப் பாக்குறதா, நீயே சொல்லு."

மெஷினைக் கொண்டுவந்த அன்றே பாய் சொல்லியிருந்தார். காலையில் அவருக்குக் குரல் கரகரக்கும், மதியம் கஞ்சி குடித்தபின் கொஞ்ச நேரம் தெளியும், பிறகு இருமல் வந்து அடைத்துவிடும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் குரல். வியாழக்கிழமைக் குரல் வீணாகிவிட்டது. இனி வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றுதான் பாக்கி.

"பாய்கிட்ட ஒண்ணு மட்டும் கேளு ஷகிலா. டிக்கு எப்ப வரல?" என்றேன். கேட்டபிறகுதான் யார் கேள்வி என் வாயில் வருகிறது என்று உறைத்தது.

அவள் கேட்டுவிட்டு வந்தாள். "சும்மா ட்ரையல் பாக்குறப்ப வரலையாம். நெஜமா ரெக்கார்டிங் போட்டாத்தான் வருதாம்."

கம்ப்யூட்டருக்கு எது டிரையல், எது நிஜம் என்று எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது ஜாபர் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பத் தயாராக வெள்ளைச் சட்டையில் இருந்தார். "பேச வேணாம் பாய். ரெக்கார்டிங்குக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு அறையின் வாசல்படியில் நின்றேன்.

எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு ஃபேனை நிறுத்தினார். பிறகு மெஷினைத் தூக்கி, சுவரோரம் இருந்த மரப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தார். பின்பலகையில் ஒயர் போக ஓட்டை போட்டிருந்தார். பீரோவைச் சாத்தி, அதன் கதவுக்கு முன்னால் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி முட்டுக்கொடுத்தார். மெஷினுக்குள் சுற்றும் சின்ன ஃபேனின் சத்தம் மைக்கில் விழக்கூடாதல்லவா, அதற்கு. அப்புறம் என்னைப் பார்த்து, இவ்வளவுதான் என்பது போலக் கையை விரித்தார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடையில் மூடி திறந்து, மேலே ஃபேன் ஓட, காற்றாட ஒரு நாள் முழுக்கச் சோதித்த மெஷின், இங்கே கத்திரி வெயிலில் மெத்தைக்குப் பின்னால் வெந்துகொண்டு வேலை செய்கிறது. வீட்டில் ரெக்கார்டிங் பண்ணுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள், கம்பளி போர்த்துவார்கள். அமைதிக்காகச் செய்கிறார்கள், தப்பு சொல்ல முடியாது.

அதே நிலையிலேயே சோதனை புரோகிராமை ஓடவிட்டேன். பாய் தொழுகைக்குப் போனார். நானும் ஷகிலாவும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வியர்வை கழுத்தில் ஓடியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் நினைத்ததும் தப்புதானோ என்று பயம் வந்துவிட்டது.

சும்மா இருக்க முடியாமல், "எல்லா வார்த்தையும் முடிச்சாச்சா, இந்த நம்பர் மட்டும்தான் பாக்கியா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு எனக்குன்னு வச்சிருந்தோம்க்கா" என்றாள் ஷகிலா.

"உனக்கா?"

"வியாவாரத்துக்குத்தான் ஊர்ல கீற அத்தனையும் சொல்லி வச்சிக்கினாரு. ஊட்டுக்குன்னு ஒரு வார்த்த கெடையாது. எம்பேர ஒருதாட்டி சொல்லு, சாப்ட்டியான்னு ஒருதாட்டி சொல்லுன்னேன். கடசி நாளு சொல்றேன்னாரு. நேத்து நம்பர் கெட்டுப்போச்சு. இப்ப இன்னா பண்றது?"

அந்த நேரத்தில் திரையில் முதல் சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு கொத்தாக விழ ஆரம்பித்தன. நிம்மதியும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன. ஷகிலா என் கையைப் பிடித்தாள்.

பீரோவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. நண்பர் கொடுத்த பெரிய மெமரியைக் கழற்றிவிட்டு, பழைய சின்னதை மட்டும் வைத்துச் சாத்தி ஓடவிட்டேன். கோடு இல்லை. அதை எடுத்துவிட்டுப் பெரியதை மட்டும் வைத்தேன். பாதி ஓடியும் அதிலும் கோடு இல்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் கொடுமை புரியும். தனித்தனியே இரண்டும் உத்தமம். சேர்ந்தால் ஒத்துப்போகவில்லை, அதுவும் சூடு ஏறினால்தான். ஒரே வேகம் என்று மேலே அச்சடித்திருக்கும், ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயது. மாமியார் மருமகள் மாதிரி காற்றாட இருக்கும்வரை பிரச்சினை தெரியாது.

அதற்குள் ஜாபர் பாய் திரும்பி வந்துவிட்டார். கஞ்சி குடித்தார், மெல்ல மெல்ல, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு. "வந்துருச்சுக்கா" என்றார். குரல் தெளிந்திருந்தது. தெருவில் கேட்ட அதே கணீர் குரல். இனிமேல் ஓடுவது அவருடைய நேரம்.

பெரிய மெமரியின் சோதனை பாதியில் இருந்தது. முழுக்க முடியவிட்டால் குரல் போய்விடும். முடியும்முன் நிறுத்தினால், எது நம்பகமானது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இதுவும் பொய்த்தால் இன்னொரு மதியம் கிடையாது.

"பெரிசே போடுக்கா. ரெக்கார்டிங்னா மெமரி ஜாஸ்தி வேணும்ல?" என்றார் பாய்.

"பேசாதீங்க" என்றேன். கோபமாகவே சொல்லிவிட்டேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். எல்லா வார்த்தையையும் ஒரே நேரத்தில் ஏற்றிக் கோப்பதற்குத்தான் மெமரி நிறைய வேண்டும். ஒருவர் ஒரு மைக்கில் ஒரு வார்த்தை பேசிப் பதிய, சின்னதே தாராளம். காய்கறி முழுக்க டிக் இல்லாமல் பதிந்தது இந்தப் பழைய சின்ன மெமரியில்தான். அந்தச் சாட்சியம் என் அரைகுறைச் சோதனையைவிடப் பெரியது. பெரியதைக் கழற்றி ஷகிலாவின் கையில் கொடுத்துவிட்டுச் சின்னதை மாட்டினேன். மெமரி போதாமல் கூட்டிப் போட்டிருந்த மனிதரிடமிருந்து, இருந்ததில் முக்கால்வாசியைப் பிடுங்கிவிட்டேன்.

மெஷினைப் பீரோவிலிருந்து எடுத்து, திரையோடு அறைக்கு வெளியே கூடத்தில் வைத்தேன். மூடி திறந்து, ஃபேனுக்கு நேரே. மைக் ஒயர் கதவிடுக்கு வழியாக எட்டியது. பாய் உள்ளே, மெஷின் வெளியே. அப்படியானால் பட்டனை யார் அழுத்துவது? ஷகிலா உட்கார்ந்தாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

கதவிடுக்கில் பாயின் கை மட்டும் தெரியும். அவர் விரலைத் தூக்கினால் ஷகிலா பதிவைத் தொடங்குவாள், இறக்கினால் நிறுத்துவாள். நான் கேட்டுவிட்டுத் தலையாட்டுவேன். அப்புறம் அடுத்தது. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு விதமாகச் சொன்னார். நடுவில் வரும்போது தூக்கி, கடைசியில் வரும்போது இறக்கி. "நூறு" என்று தூக்கினால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று வீட்டுக்குள் இருப்பவள் காதைத் தீட்டுவாள், இறக்கினால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். அவ்வளவும் அவருக்கு மனப்பாடம். முதல் எண்ணைக் கேட்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். டிக் இல்லை. பத்து, இல்லை. இருபது, இல்லை. கால், அரை, முக்கால், இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் குரலில் ஒரு கீறல் விழுந்தது. சுடுதண்ணீர் குடித்தார். ஷகிலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

எண்கள் முடிந்தபோது இருமல் ஆரம்பித்துவிட்டது. "கிலோ" மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. நின்று, இருமி, நின்று, அடுத்த வார்த்தைக்கு விரலைத் தூக்கப்போனவர் கையை இறக்கிவிட்டு, கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. ஷகிலாவைப் பார்த்து, கையால் அவளைச் சுட்டிக்காட்டி, பேரைச் சொல்லட்டுமா என்று சைகையால் கேட்டார்.

அவள் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள். "ரூபா இன்னும் சொல்லல."

அவர் அங்கேயே நின்றார்.

"ரூபா இல்லாம இத்தன நம்பர வச்சிக்கினு இன்னா பண்ணுவ? போ. போய் ரூபா சொல்லு. எங்கிட்ட இத்தினி வருசம் பேசினது போதும்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் உள்ளே போனார். விரல் உயர்ந்தது. "ரூபாய்." தூக்கிய குரலில், முழுசாக, கணீரென்று. மறுபடி உயர்ந்தது. "ரூபாய்." இறக்கிய குரலில். இரண்டிலும் டிக் இல்லை. நான் தலையாட்டினேன். மூன்றாவதாக விரல் உயர்ந்தபோது ஷகிலா பட்டனை அழுத்தினாள். ஹெட்ஃபோனில் காற்றும் இருமலும்தான் வந்தன. வெகுநேரம் முயன்றார். என்ன சொல்ல முயன்றார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசியில் அவளே பதிவை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை சேர்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னபடியே குரல் போய்விட்டது.

அவர் வீட்டுக்கு வந்து உடம்பு தேறியபின் மெமரி வாங்கினேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தானே நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். அவருடைய வார்த்தைகள் மொத்தமும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முதலில் பார்த்தேன், அதற்கு மேல் ஒரு மடங்கு வைத்துக்கொண்டேன். தனித்தனியாக இரண்டு வாங்கவில்லை, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக, கம்பெனியிலேயே சேர்த்துச் சோதித்து அடைத்ததாக வாங்கினேன். அதிவேகம் என்று அச்சடித்ததும், கலர் கலராக விளக்கு எரிவதும் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்கு. அவர் மெஷின் இயல்பாக ஓடும் வேகத்துக்கான சாதாரண மெமரி போதும். மாட்டியபின், அது ஓடப்போகும் வீட்டிலேயே, ஓடப்போகும் இடத்திலேயே, வெயில் நேரத்தில் சோதித்தேன். பழைய இரண்டையும் தனித்தனி மெஷினுக்குக் கொடுத்தாயிற்று, இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. கூடத்திலேயே மெஷினுக்கு நிரந்தரமாக இடம் போட்டோம். பீரோவில் ஷகிலாவின் புடவைகள் ஏறின.

சோதனை முடிந்ததும் பாய் திரைக்கு முன் உட்கார்ந்தார். கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தது. எல்லா வார்த்தையையும் ஏற்றச் சொன்னேன். முன்பு திணறிய மெஷின் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டது. "ஏதாச்சும் கோத்துப் பாருங்க பாய்" என்றேன். தக்காளி என்பார், நூறு ரூபாய் என்பார் என்று நினைத்தேன். அவர் மௌஸைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் வெகுநேரம் தேடினார். பிறகு அழுத்தினார்.

"அம்மா. வாங்க."

கூடமே அதிர்ந்தது. அடுக்களையில் இருந்த ஷகிலா கூடையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி விறுவிறுவென்று தெருவாசலுக்குப் போனாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"வண்டியக் காணோமே. இப்பத்தான கூப்ட்டான்?" என்றாள்.

பாய் மறுபடி அழுத்தினார்.

"அம்மா. உள்ளே. வாங்க."

அவள் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூடையோடு வாசலிலேயே நின்றாள். அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கக்கூடாது என்று தோன்றியது, இருந்ததற்கு நன்றியாகவும் இருந்தது.

"தோ, வரேன்" என்றாள் ஷகிலா. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "இன்னா வேணும், சொல்லு."

அவர் மௌஸை விட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.